கீறல் கிணறு

ஆவாரம்பாளையத்தில் நான் வேலை பார்க்கும்
நேம்போர்டு கடையில்
வெட்டி மிஞ்சிய கறுப்பு அக்ரிலிக்,
ஒரு சாண் அகலம்.
மேல்தாளை உரித்தால்
என் மூக்குத்தி அதற்குள் மின்னும்.

முள் வேண்டும், இரண்டு முள்.
மருதாசலத்தின் டூல் பெட்டியில்
எண்ணெய்த்துணி சுற்றிக் கிடந்தது டிவைடர்.
லேத்தை விட்ட பிறகு
அவர் அந்தப் பெட்டியைத் திறந்ததில்லை.
"எடுத்துக்கொ" என்றார்.
எதற்கென்று கேட்கவில்லை.

அழுத்தக் கூடாது.
மூன்று துண்டு பாழான பிறகே கை அதைக் கற்றது.
அழுத்தினால் உழவுசால்,
வெளிச்சம் விழுந்து சேறாகிவிடும்.
கீறல் இருக்கிறதா இல்லையா என்று
நகத்துக்கே சந்தேகம் வர வேண்டும்.

தாளில் ஒன்றுக்குள் ஒன்றாய் மூன்று வட்டம்.
வட்டத்தின் மேல் எறும்புச் சாரிபோலப் புள்ளிகள்.
ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முள்ளை ஊன்றி
மறுமுள்ளால் ஒரு வில்.
வெளிவட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் விரிப்பு,
நடுவட்டத்துக்கு நாலு,
உள்வட்டத்துக்கு ஏழு.
விரிப்புதான் ஆழம்.
வில் தள்ளி விழும் தூரத்தை
முன்கூட்டியே கழித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் கிணறு என்றால்
வட்டம் போட எளிது.
வேறு காரணம் இல்லை.

இரண்டு ஞாயிறு போனது.
குக்கர் விசிலை எண்ணப் போய்
நூற்றிருபதாவது வில்லில் கணக்கு தவறி
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

டியூப்லைட்டில் பிடித்தேன். ஒன்றுமில்லை.
சாம்பல் பூத்த தட்டு.
பக்கத்து வீட்டு நிர்மலா எட்டிப் பார்த்து
"கம்பிநார் போட்டுத் தேச்சுட்டீங்களாக்கா" என்றாள்.

ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது.
மெழுகுவர்த்தி தேட எடுத்த போன் டார்ச்
மேசைமேல் கிடந்த தகட்டில் பட்டது.
பட்டதும்
இருநூற்றுப்பத்து வில்லும் காணாமல் போயின.
ஒவ்வொரு வில்லிலும் ஒரே ஒரு பொட்டு.
பொட்டெல்லாம் சேர்ந்து
மேசையிலிருந்து மேலே எழுந்து நின்றது
ஒரு மில் புகைபோக்கி!

சிரித்துவிட்டேன்.
தகட்டைத் தலைகீழாய்த் திருப்பினேன்.
புகைபோக்கி உள்ளே இறங்கியது.
மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில்
வளையம் வளையமாக ஒரு கிணறு.
விரலை விட்டேன்.
தகடு தடுத்தது.

"இங்க வாங்க, சீக்கிரம்" என்று கூப்பிட்டு
அவர் கையில் கொடுத்த பிறகுதான்
எனக்கு உறைத்தது.

வலக்கண்ணுக்கு ஓரிடத்தில் பொட்டு,
இடக்கண்ணுக்குச் சற்றே தள்ளி வேறொரு பொட்டு.
இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாத இடத்தில்தான்
ஆழம் பிறக்கிறது.
எட்டு வருசத்துக்கு முன்
பம்ப் கம்பெனி லேத்தில் தெறித்த
ஒரு வார்ப்பிரும்புச் சில்லு,
சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ.யில் பதினோரு நாள்,
இவருக்கு ஒரு சாட்சிதான் மிச்சம்.

"வட்டம் வட்டமா மின்னுது.
நல்லாருக்கு" என்றார்,
உப்பில்லாத குழம்பைச் சொல்வதுபோல.

நான் டார்ச்சை இறக்கப் போனேன்.

அவருக்கொரு பழக்கம்.
டம்ளரில் டீ ஊற்றும்போது,
அவினாசி ரோட்டைக் கடக்கும்போது,
தலையை இப்படியும் அப்படியும் அசைப்பார்.
எது கிட்டே, எது தூரமென்று
அசைந்துதான் அறிவார்.
ஓணான் என்று தெருப்பையன்கள் சொல்வதுண்டு.

அசைத்தார்.
மேல்வளையம் நின்றது.
நடுவளையம் நகர்ந்தது.
அடிவளையம், அந்த ஏழு சென்டிமீட்டர்,
இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆடியது.

மறுபடி அசைத்தார், மெதுவாக.
மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ஏ புள்ளே,
இது எத்தனை அடி?"

சொல்வதற்குள் கரண்ட் வந்தது.
டியூப்லைட் இரண்டு முறை விக்கி எரிந்தது.
கிணறு மூடிக்கொண்டது,
வெறும் கீறல்.

தகட்டைக் கீழே வைக்காமலே நடந்துபோய்
ஸ்விட்சை அணைத்தார்.

"நீ டார்ச்ச ஆட்டாதெ," என்றார் இருட்டில்.
"நான் ஆடிக்கறேன்."